உப்புக் கரிக்கும் தண்ணீர்

அவள் விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு.

தரைப்பலகையைத் தூக்கிய இடத்தில், படகின் அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"மழைத் தண்ணிதான் சார். லங்காவியில தினமும் மழைதானே," என்றார் தரகர் குணாளன்.

"மழை இல்ல. கடல்," என்றாள் அவள்.

குணாளன் அவளைப் பார்க்கவில்லை. காலையிலிருந்தே பார்க்கவில்லை. பாய்களின் வயதைச் சொன்னது, இரண்டு எஞ்சின்களின் குணத்தைச் சொன்னது, எல்லாம் அவள் தம்பி கஸ்பாரிடம்தான்.

கஸ்பாருக்குத் தூத்துக்குடியில் ஸ்டேஷனரி கடை. படகில் ஏறினால் குமட்டும். அக்காவை ஊருக்குக் கூட்டிப்போக வந்திருந்தான்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது. முப்பத்திரண்டு வருடம் மலேசியாவின் பினாங்கில் நர்ஸ். நாற்பதாவது வயதில், கூட வேலை பார்த்த டாக்டர் ஒருவரின் பாய்ப்படகில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறினாள். அதற்குப் பின் வந்த ஞாயிறுகளை எல்லாம் கடலுக்கே கொடுத்தாள்.

போன மாதம் ஓய்வு.

ஊரில் அவளுக்கு மாடியில் அறை தயார். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. கஸ்பாரின் மாமியாருக்குச் சர்க்கரை. இனி ஊசி போட வீட்டிலேயே ஆள் இருக்கும்.

அவளோ இந்தப் படகைப் பார்க்க வந்துவிட்டாள். இரண்டு உடல்கள், நடுவே ஒரு கூடம், மேலே ஒற்றைப் பாய்மரம். முப்பத்தெட்டு அடி. பதினெட்டு வருடம் யார் யாரையோ சுமந்த படகு.

குணாளன் அதைக் கேட்டமரான் என்றார். கஸ்பார் வேண்டுமென்றே கட்டுமரம் என்றான்.

"எவனாவது கட்டுமரத்துல கக்கூஸ் வைப்பானாக்கா?"

இப்போது அவன் குரலில் சந்தோஷம் மறைக்க முடியாமல் நின்றது.

"பாத்தியா? ஓட்டைப் படகு. நான் சொன்னேம்லா? வா, போவோம்."

அவள் போகவில்லை.

செருப்பைக் கழற்றினாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள். குப்புறப் படுத்து, பலகைக்கு அடியில் தோள்வரை நுழைந்தாள்.

டீசல் வாடை. பூஞ்சை வாடை.

கையால் துழாவினாள். முப்பத்திரண்டு வருடம் நரம்பு தேடிய விரல்கள்.

அடிப்பக்கத்தில் விரிசல் இல்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். எங்கும் ஒரே கெட்டிச் சத்தம்.

பிறகு அது அகப்பட்டது.

கழிப்பறைக்குக் கடல்நீர் ஏற்றும் ரப்பர் குழாய். அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இரும்பு வளையம் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது.

ஒரு சொட்டு.

இன்னொரு சொட்டு.

பழக்கத்தில் எண்ணினாள். நிமிடத்துக்கு ஆறு.

வால்வைத் திருகி மூடினாள். நின்றது.

வெளியே வந்தபோது கன்னத்தில் கிரீஸ். முழங்கையில் ரத்தம்.

"குழாய் வளையம் போயிருக்கு. இது ஒண்ண மட்டும் இல்ல, படகுல இருக்கிற எல்லா வளையத்தையும் மாத்திக் குடுங்க. எழுதிக்கோங்க."

குணாளன் எழுதிக்கொண்டார். பிறகு தலை நிமிர்ந்து, முதல்முறையாக அவளைப் பார்த்தார்.

"நீங்களாம்மா ஓட்டப் போறீங்க?"

"வேற யாரு?"

"தனியாவா?"

"தனியாத்தான்."

கஸ்பார் எழுந்து நின்றான். படகு மெல்ல அசைய, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா வள்ளத்துல பொம்பள கால் வைக்கக் கூடாதும்பாவ. மறந்துட்டியா? ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"அது அப்பா வள்ளம். இது என் படகு."

"இன்னும் வாங்கவே இல்லையே!"

அவள் குணாளனிடம் கையை நீட்டினாள்.

"பேனா."

படிவத்தில், வாங்குபவர் என்ற இடத்தில், குணாளன் ஏற்கெனவே பென்சிலால் கஸ்பாரின் பெயரைக் குறித்து வைத்திருந்தார்.

"அழிச்சுத் தர்றேன்மா," என்றார் அவசரமாக.

அவள் காத்திருக்கவில்லை. அதன் மேலேயே எழுதினாள். அழுத்தி.

ரெஜினா மச்சாது.

நான்காம் நாள் காலையில் கஸ்பார் படகுத்துறையில் நின்றான். மதியம் அவனுக்கு விமானம்.

படகில் எல்லா வளையங்களும் புதிதாக மின்னின. எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பினாங்குக்கு ஒரு பகல் தூரம்.

மற்ற கயிறுகளை அவளே அவிழ்த்து ஏற்றிவிட்டாள். கடைசிக் கயிற்றின் ஒரு முனை கஸ்பார் கையில்.

"ஏலே, கயித்த விடு."

அவன் விடவில்லை. மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"மாடி ரூம்ல ஏசி போட்டுத் தாரேன்க்கா."

படகுக்கும் துறைக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர் தெரிந்தது. பிறகு ஒரு முழம். கயிறு விறைத்தது.

அவள் அவனையே பார்த்தாள். காதோரம் எல்லாம் நரைத்திருந்தது. இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்த பிள்ளை.

குனிந்தாள்.

தன் பக்கத்து முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

கயிறு தண்ணீரில் விழுந்தது.

துறைமுக வாயைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கஸ்பார் ஈரக் கயிற்றை இழுத்து, சிக்கு எடுத்து, வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டிருந்தான். சட்டை நனைவதைக் கவனிக்காமல் அதைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

காற்று வடமேற்கிலிருந்து வந்தது.

அவள் பாயை ஏற்றப் போனாள்.