மழமழ முகங்கள்

நாற்பதைத் தாண்டிய தம்பியின் தாடையில் நுரையை அப்பிவிட்டு அக்கா ரேசரை எடுக்கிறாள். சீரியல் ஓடினால்தான் அவன் ஆடாமல் அசையாமல் உட்காருவான். டிவியில் இன்னொரு அக்கா, இவனைப் போலவே மனம் வளராத தன் தம்பிக்கு ஊட்டிவிட்டுக் கண்ணீர் வடிக்கிறாள். அந்தத் தம்பி ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. நேற்றுப் பார்த்த படத்தில் இதே மாதிரி ஒருவன் கணக்கில் புலி. "அவன் மேதை, இவன் தெய்வப்பிறவி. நீ எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கே" என்கிறாள், ரேசரை இழுத்தபடி. தம்பி குலுங்கிச் சிரிக்கிறான். கழுத்திலிருந்து ரேசரைச் சட்டென்று தூக்கியவள், சிரிப்பு அடங்கும்வரை அதை அந்தரத்தில் பிடித்திருக்கிறாள். ஜன்னல் வெயிலில் பிளேடு மின்னுகிறது. திரையில் அந்தத் தம்பியின் முகம் நெருங்கி வருகிறது. தாடை மழமழவென்றிருக்கிறது. "நேத்துப் படத்துல வந்தவனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இவங்களுக்கெல்லாம் யாருடா ஷேவ் பண்ணிவிடுறது?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தம்பி சொல்கிறான்: "அக்கா."