நான்காவது பிரதி

அந்த ஆள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் நூலகக் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். நீளமாக ஒரு எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

வாராவாரம் இதே கூத்து. நூலகர் அம்மாவுக்குச் சந்தேகம் மண்டையைக் குடைந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது, மேசை துடைக்கிற சாக்கில் பின்னால் போய் நின்றுகொண்டார்.

திரையில் மோட்டார் ரிப்பேர் பற்றிய புத்தகம் ஒன்று. யாரோ இரவல் வாங்கியிருந்தார்கள். திருப்ப வேண்டிய தேதியைத்தான் அவர் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், பிரதி எண்ணைப் போட்டா அந்த ஒண்ணுதான் வரும். புத்தகத்தோட பேரைப் போட்டுத் தேடுங்க. நாலு பிரதி இருக்கு. மூணு அலமாரியிலேயே தூங்குது.”

“இல்லம்மா... எனக்கு இதைத்தான் பாக்கணும்.”

“அப்போ முன்பதிவு பண்ணிடறேன். வேற ஒருத்தர் கேட்டு வச்சுட்டா, எடுத்துட்டுப் போனவங்க புதுப்பிக்க முடியாது. தானா திரும்பி வந்துடும்.”

அவர் பதறி எழுந்தார். “ஐயையோ! வேண்டவே வேண்டாம்மா!” குடையைக்கூட எடுக்காமல் வெளியேறினார்.

சரிதான், ஆள் திருட்டுப் பேர்வழியேதான். அந்தப் பிரதிக்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார், அது தெரியாமல் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். முன்பதிவு செய்தால் பெயர் பதிவாகிவிடும் என்று பயப்படுகிறார். நூலகர் அம்மா தன் பெயரிலேயே முன்பதிவு செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

சில நாள் கழித்து ஓர் இளம்பெண் அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

“மேடம், புதுப்பிக்க முடியல. யாரோ கேட்டிருக்காங்களாம்.”

நூலகர் அம்மா புத்தகத்தை வெடுக்கென்று வாங்கினார். புரட்டினார், தலைகீழாக உதறினார், அட்டையைத் தடவினார். தூசிதான் வந்தது.

“இதே புத்தகம் இன்னும் மூணு இருக்கு. அதுல ஒண்ணு எடுத்துக்கோ.”

“இல்ல மேடம், எனக்கு இதுதான் வேணும்.”

ஓகோ, இவளும் கூட்டா! “உண்மையைச் சொல்லு. இதுக்குள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணுமே இல்ல மேடம். படிச்சு எப்பவோ முடிச்சுட்டேன்.” அவள் கண் கலங்கியது. “எனக்குப் பிடிச்சவரைக் கட்டிக்க வீட்டை விட்டு வந்தப்போ, இதுவும் கையோட வந்துடுச்சு. என்கூட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு அப்பாகிட்ட அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க.”

“அதுக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“தேதி மாறியிருந்தாத்தான், நான் நல்லா இருக்கேன்னு அப்பாவுக்குத் தெரியும் மேடம்.”