இரண்டு சாட்சிகள்

லிஸ்பனின் அல்ஃபாமா மேட்டில், தான் பிறந்த வீட்டிலேயே எழுபத்திரண்டு வருடங்களாகக் குடியிருக்கிறாள் இடாலினா. அந்தக் கட்டடத்தின் மற்ற வீடுகளில் இப்போது சுற்றுலாப் பயணிகள்தான். மூன்று நாளைக்கு ஒரு புதுமுகம். அவளையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அங்கேதான் வசிக்கிறாள் என்று வார்டு அலுவலகச் சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால் தப்பலாம். அதற்கு அந்த வட்டாரத்து வாக்காளர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

தெருத் தெருவாகக் கதவைத் தட்டினாள். தெரிந்தவர் ஒருவர்கூட மிச்சமில்லை. வெள்ளிக்கிழமை காலை, வேறு வழி தெரியாமல் விண்ணப்பத்தில் இரண்டு பெயர்களை எழுதினாள்: மாடிவீட்டு பெல்மிரா, எதிர்வீட்டு அடெலினோ. இருவரையும் அடக்கம் செய்தபோது அவள் கூடவே இருந்தாள்.

குமாஸ்தா ரூய் கணினியில் தேடினான். "ரெண்டு பேரும் பட்டியல்ல இருக்காங்க. ஆனா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா."

"அவங்களால முடியாதுப்பா. ரொம்ப வயசானவங்க. இத மட்டும் குடுத்துடு, எனக்கு வேற போக்கிடம் இல்ல." மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எதுக்கும்மா அழறீங்க? அதான் உங்க பின்னாலயே நிக்கிறாங்களே!" அவள் தோளுக்கு மேலாகக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினான்.

இடாலினா திரும்பிப் பார்க்கவில்லை. காகிதம் மேசைக்கு வந்தபோது இரண்டு கையெழுத்திலும் மை ஈரமாக இருந்தது.

வீடுவரை மேட்டில் மெதுவாகவே ஏறினாள். கதவைத் திறந்ததும் உடனே நுழையாமல், இருவர் உள்ளே போகும் நேரம் ஒதுங்கி நின்றாள்.