ஒன்பதாம் நம்பர் ஆடு

"ஒன்பதாம் நம்பர் ஆடு எப்படி இருக்கு, அழகிரி?"

"நல்லா மேயுதுங்க ஐயா."

திருச்சியில், அறுபத்தேழாம் வருஷம், டாக்டர் அற்புதசாமி தன் சோதனை ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் அழகிரியிடம் மாதம் தவறாமல் கேட்ட கேள்வி இது. கொட்டகை நாற்றம் அவருக்கு ஆகாது, எட்டிப் பார்த்ததில்லை.

நுரையீரலைத் தைத்தால் ஊசித் துளை வழியாகக் காற்று கசியும். அதை அடைக்க அவர் ஒரு பசை செய்திருந்தார். எட்டு ஆடுகளின் நுரையீரலில் பூசி, ஒரே வாரத்தில் அறுத்துப் பார்த்தார். பசை விடவில்லை. நாள்பட்டால் உடம்பு தாங்குமா என்று பார்க்க, ஒன்பதாவதுக்கும் பூசி, அதை மட்டும் ஆறு மாதம் உயிரோடு விட்டார்.

ஆறாவது மாதம், அழகிரியின் மகள் குழலிக்கே காசநோய்க்காக நுரையீரல் ஆபரேஷன். டாக்டர் வெளியே வந்து அவன் தோளைத் தட்டினார்.

"தையல் நிக்கலை. நம்ம பசையைத்தான் போட்டேன். கசிவு நின்னுடுச்சு."

அழகிரி சுவரைப் பிடித்துக்கொண்டான். "அதை எடுத்துட முடியாதுங்களா ஐயா?"

"எதுக்கு? ஒன்பதாம் நம்பரை நம்பித்தானே போட்டேன்!"

அழகிரி அவர் காலில் விழுந்தான்.

"அது ரெண்டாம் மாசமே ரத்தமா கக்கிச் செத்துப்போச்சுங்க. நான் சரியா பாத்துக்கலைன்னு வேலையை விட்டு எடுத்துடுவீங்கன்னு பயந்து, மணப்பாறை சந்தையில அதே மாதிரி ஒண்ணு வாங்கிக் கட்டினேன்."

நர்ஸ் சிரித்தபடி கதவைத் திறந்தாள்.

"குழலி கண்ணு முழிச்சிட்டா. அப்பா எங்கன்னு கேக்குறா."