இரண்டாவது சரணத்தில் ஒரு புறா

இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களுக்கு எதிரே, கடையின் சுழல் நாற்காலியில், அவர் சுழலாமல் உட்கார்ந்திருந்தார்.

மேல் தட்டில் இருந்தது பேசிவ் ஜோடி. அதற்குத் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கீழ்த் தட்டில் ஆக்டிவ். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

எது என்று எட்டு மாதமாக முடிவாகவில்லை. இதற்கென்றே வாங்கிய நோட்டில் இருபத்தேழு பக்கம் எழுதியாகிவிட்டது.

கடைக்காரர் அருள்தாஸின் கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் பாட்டு ஒரு ஜோடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

பாட்டு அவருடையது. சொந்த வரிகள், சொந்த மெட்டு, சொந்தக் குரல். வீட்டிலேயே பதிவு செய்து பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். வரும் ஞாயிறு வெளியிடுவதாக அறுபத்திரண்டு பேருக்குச் செய்தி போய்விட்டது. அதற்கு முன் நல்ல ஸ்பீக்கரில் கேட்டு, குறை இருந்தால் திருத்திவிட வேண்டும்.

குறை இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

இதோடு ஆறு பாட்டு. ஆறையும் மனைவி கேட்டிருக்கிறாள். ஆறுக்கும் "நல்லாருக்குங்க" என்றிருக்கிறாள்.

பேசிவில் பல்லவி இதமாக இருந்தது. முதல் சரணமும்.

இரண்டாவது சரணத்துக்குச் சற்று முன்பு, வயலின் ஓய்கிற இடத்தில், ஏதோ முனகியது.

"புறாங்களா சார்?" என்றார் அருள்தாஸ்.

"புறாவாத்தான் இருக்கோணும். பால்கனிக்கு வரும்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே ஒப்பவில்லை. பதிவு விஷயத்தில் அவர் கறாரானவர். அறைச் சுவரெங்கும் போர்வை. மின்விசிறிக்கு ஓய்வு. கதவுக் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே பதிவு நடக்கிறது என்று பொருள். மிக்சி ஓடக் கூடாது. குக்கர் விசிலடிக்கக் கூடாது. துண்டைப் பார்த்ததும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள்.

பால்கனி, மைக்குக்கு நேர் பின்னால் இருக்கிற ஜன்னலுக்கு அந்தப் பக்கம்.

இதை அவர் யோசித்ததில்லை.

அருள்தாஸ் பாட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, பொத்தானை அழுத்தினார். ஆக்டிவ்.

வயலின் ஓய்ந்தது.

புறா பேசியது.

"எட்டு மாசமா ஸ்பீக்கரு ஸ்பீக்கருன்னே இருக்காருங்கக்கா. வாங்கிக்குங்கன்னு நானேதான் சொல்லிப்போட்டேன். நல்லதுல கேட்டா அவருக்கே தெரிஞ்சு நிறுத்திருவாரல்லோ?"

அந்தப் பக்கம் அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"கொஞ்சம் இருங்க. ரெண்டாவது சரணம் வருது. இப்பப் பாருங்க, சுதியில எறங்குவாரு."

இறங்கினார்.

அருள்தாஸ் மஞ்சள் துணியை எடுத்து, தூசியே இல்லாத ஒரு பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் மறுபடி பேசிவில் போடச் சொன்னார். புறா.

ஆக்டிவ். மனைவி.

பேசிவ். புறா.

ஆக்டிவ். இந்த முறை மனைவியின் பேச்சை விட்டுவிட்டு, தன் குரலை மட்டும் கேட்டார். அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்னபடி.

"பேசிவே எடுத்துக்குங்க சார்" என்றார் அருள்தாஸ், துடைப்பதை நிறுத்தாமல். "குடும்பத்துக்கு அதுதானுங்க ஏத்தது."

அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வந்து சேர மாலை ஐந்து. மனைவி கதவைத் திறந்ததும் பெட்டியைத்தான் பார்த்தாள்.

"எதுங்க கடைசியில?"

"ஆக்டிவ்."

"நல்லாத் தெளிவாக் கேக்குதுங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆவல் நேற்று வரை அவருக்குப் புரிந்திருக்காது.

மேஜையில் வைத்து இணைத்தார். பாட்டைப் போட்டார். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லவி. முதல் சரணம். முகத்தில் எதுவும் தெரியாததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வயலின் ஓய்ந்தது.

அவள் போர்வையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தன் கால் விரல்களை.

பாட்டு முடியும்வரை இருவரும் அசையவில்லை.

"எந்த எடத்துல எறங்கறேன்?" என்று கேட்டார். "கரெக்டா."

யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை.

"'தூரம்'ங்கறப்ப சரியா நிக்கறீங்க. 'போகுதே'ல விட்டுப்போடறீங்க."

"இதுல மட்டுமா?"

"ஆறுலயும் ரெண்டாவது சரணந்தானுங்க. மூணாவது பாட்டுல மட்டும் பல்லவியிலயே."

அவர் மைக்கின் முன்னால் போய் நின்றார்.

அவள் எழுந்தாள். சிவப்புத் துண்டை எடுத்து வெளிக் கைப்பிடியில் மாட்டினாள். கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தாள். போனை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

"பாடுங்க."

பாடினார்.

"ம்ஹூம்."

பாடினார்.

"ம்ஹூம்."

ஏழாவது முறை பாடும்போது அவருக்கு, பேசிவில் முனகிய அந்தப் புறாவே தேவலை என்று தோன்றியது.