கடிக்காத பொய்மீன்

இரண்டாவது நாளாகவும் யோகநாதன், பாவம், கொட்டாஞ்சேனைத் தூண்டில் கடையில், இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் மாட்டும் பொய்மீன்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“வெள்ளவத்தைப் பாறைக்கெண்டால் மினுங்கிற தகடு. மணலுக்கு ரப்பர் மீன்,” என்றார் கடைக்காரர் பேதுரு.

“ஒரு மீனும் கடிக்காதது இருக்கோ அண்ணை?”

பேதுரு கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, நான் யாவாரம் செய்யிறதோ இல்லையோ?”

“நான் சுத்த சைவம் அண்ணை. நான் விரும்புற பிறிஜெற்றின்ரை அப்பா ஒஸ்வால்ட் பின்னேரத்திலை அந்தப் பாறையிலைதான் தூண்டில் போடுறார். சண்டைக்குப் பயந்து மகளைக் கனடாவுக்கு அனுப்பப்போறாராம். ஆமி கரையை மூடமுதல் பக்கத்திலை இருந்து பொம்பிளை கேட்கவேணும். நடுவிலை மீன் கடிச்சால் கதை கெட்டுப்போகும்.”

பேதுரு சிரித்தபடி மேல்தட்டிலிருந்து பச்சை மரமீன் ஒன்றை எடுத்தார்.

“இதைக் கொண்டுபோங்கோ. மூன்று வருசமா ஒஸ்வால்டும் இதைத்தான் வாங்குறார். வீட்டை மீன் கொண்டுபோனால் அவற்ரை மனிசி அவரைத்தான் கழுவச்சொல்லுவாவாம். ஆறுதலாக் கதையுங்கோ, ஒரு மீனும் குழப்பாது.”