பூங்கோதை வெளியேறினாள்

குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை இருந்தவர்கள் பெரியவர் சிதம்பரநாதன், அவர் தங்கை வடிவாம்பாள், மைத்துனர் மாசிலாமணி, தம்பி மகன் இளங்கீரன், அவனுடைய புது மனைவி தமயந்தி. மீன்குழம்புக்குத் தேங்காய் அரைக்கலாமா என்று சண்டை முற்றியிருந்தது. “தேங்காய் போட்டா அது குழம்பில்ல, பாயசம்,” என்றார் மாசிலாமணி. “சட்டியை வழிச்சுத் தின்னப்போ தெரியலியாக்கும் மாமா?” என்றாள் தமயந்தி. சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. வடிவாம்பாள் எழுதினாள்: “பூங்கோதை தேங்காய் அரைச்சுத்தான் வைப்பா.” பூங்கோதை சிதம்பரநாதனின் மகள். தன் விருப்பத்துக்கு மணந்துகொண்டு போனவள், போன மாதம் எங்கோ ஓர் ஊரில் இறந்துபோனாள்; இங்கிருந்து ஒருவரும் போகவில்லை. “அவங்க ஏன் இந்தக் குரூப்ல இல்லாமப் போனாங்க?” என்று கேட்டாள் தமயந்தி. “கோவிச்சுக்கிட்டு அவங்களாவே வெளியேறிட்டாங்க,” என்றான் இளங்கீரன். ஆறு வருடமாக வீட்டின் மானத்தைக் காத்து நின்ற பேச்சு அது. சிதம்பரநாதனே பரப்பிய பேச்சு. அவர் எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்: “பூங்கோதை தானாக வெளியேறவில்லை. நான்தான் நீக்கினேன். திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மூன்று முறை கேட்டாள்.”